இஞ்சேருங்கோ என்று கூப்பிடும் பெட்டி

எங்கள் காரின் முன்கண்ணாடியில் ஒரு பழைய ஜிபிஎஸ் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் றப்பர் காலில் பிடிமானம் போய் நாளாகிவிட்டது. குளிர் கூடிய நாட்களில் கழன்று யாருடைய மடியிலாவது விழும். என் மகளுக்கு அதைக் கண்டாலே சிரிப்பு. "அம்மா, திஸ் இஸ் லிட்டரலி எ டைனோசர். ஃபோன்ல மேப் இருக்குதானே?" என்பாள். இருக்கிறதுதான். எங்கே நெரிசல், எங்கே பொலிஸ் நிற்கிறது என்பதெல்லாம் ஃபோனுக்குத் தெரியும். பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நான் சீட் பெல்ட்டைப் போடுவேன்.

அது எங்களிடம் வந்தது ஊரில் போர் முடிந்த வருடம். மகள் அப்போது பிறக்கவில்லை. நான் இங்கே ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில், ஷெப்பர்ட் வீதியில் இருந்த ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஓர் அண்ணை வந்து அந்தப் பெட்டியை மேசையில் வைத்தார். வாங்கி அதிக காலம் ஆகவில்லையாம். அதைச் செய்த நிறுவனம் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. கொம்பியூட்டரோடு இணைத்தால், இந்தச் சாதனத்துக்கு இனி ஆதரவு இல்லை என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

"உந்தப் பெட்டியை எறிஞ்சு விடுங்கோ தங்கச்சி" என்றார் அண்ணை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அண்ணையில் அல்ல, அந்த ஒரு வரியில். திரை நன்றாக இருந்தது. பற்றரி நன்றாக இருந்தது. வானத்தில் சுற்றும் செய்மதியைப் பிடிக்கிற பகுதிக்கு ஒரு குறையும் இல்லை. வரைபடம் மட்டும்தான் பழசு. மார்க்கம் நகருக்கு மேலே புதிதாக எழும்பிய வீடுகளுக்குள் போனால், கார் வயலுக்குள் நிற்பதாகக் காட்டியது. காசை வாங்கும்போது பல்லைக் காட்டியவர்கள், கையைக் கழுவும்போது ஒரு வரியோடு போய்விட்டார்கள். முதலாளியிடம் கேட்டேன். "வேணுமெண்டால் கொண்டுபோம், எனக்கு இடம் மிச்சம்" என்றார். கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்போது அதை என் கணவருக்கென்று நான் நினைக்கவில்லை. அவருக்கு ஜிபிஎஸ் என்றாலே இளக்காரம். ஒரு மருந்துக்கடையில் டெலிவரி வேலை அவருக்கு. வெளியே வர முடியாத கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஸ்காபரோ முழுவதும் அவருக்கு மனப்பாடம். கோயிலடியால் திரும்பு, மீன்கடைக்குப் பின்பக்கத்தால் போ என்றுதான் யாருக்கும் வழி சொல்வார். வீதிப் பெயரே அவர் வாயில் வராது. "எனக்கு ரோட்டுச் சொல்ல ஒரு பெட்டியோ?" என்று கேட்பார்.

அந்தத் தை மாதத்தோடுதான் எல்லாம் மாறியது.

அவருக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது ஓர் அக்கா. தாய் போன பிறகு அவரை வளர்த்தவர். அக்காவும் அத்தானும் வன்னியில் இருந்தார்கள். தையில் அக்காவிடமிருந்து கடைசியாக ஓர் அழைப்பு வந்தது. பின்னால் ஆட்கள் கத்துகிற சத்தம். சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது, இடம் மாறப் போகிறோம் என்று சொன்னார். "இஞ்ச ஃபோனுக்கு வேற ஆக்கள் நிக்கினம் தம்பி. பிறகு எடுக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு அழைப்பே இல்லை.

அன்றிலிருந்து அவர் ஃபோனைச் சட்டைப் பொக்கற்றில், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டார். குளிக்கப் போனால் அது கை கழுவுகிற தொட்டியின் விளிம்பில் இருக்கும். சாப்பிடும்போது கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கும். வேலை முடிந்ததும் நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்ற எங்கள் சனத்தோடு தானும் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். வீட்டுக்கு வந்தால் ரீவிக்கு முன்னால் இருப்பார். நான் ஏதாவது கேட்டால், "அக்கா பிறகு எடுக்கிறன் எண்டவ" என்பார். நான் கேட்டது கறிக்கு உப்புப் போதுமா என்றுதான் இருக்கும்.

பங்குனி வர அவருக்கு வழி தவறத் தொடங்கியது. கிழமைக்குக் கிழமை போகிற அப்பார்ட்மென்றைத் தாண்டிப் போய், அடுத்த நகரமான பிக்கரிங்கில் நின்றுகொண்டு எனக்கு ஃபோன் எடுத்தார். இதய நோய்க்கார மனுசி ஒருவர், மருந்து வரவில்லை என்று கடைக்கு அழைத்துச் சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர் நல்ல மனுசன். கொஞ்ச நாள் வீட்டில் நில்லுங்கள் என்றார். இவர் கேட்கவில்லை. "வீட்டில இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்" என்றார்.

பிறகு ஒரு பின்னேரம் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"சிவப்பு எரிஞ்சதை நான் காணேல்லையப்பா. பஸ்காரன் ஹோர்ன் அடிச்சபடியால் தப்பினன்."

நான் வாய்க்காரி. வேறு நாளாக இருந்தால் கண்ணை எங்கே வைத்துக்கொண்டு கார் ஓடுகிறீர்கள் என்று கேட்டிருப்பேன். அன்று குனிந்து அவருடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். அக்கா எடுக்கிற நேரத்தில், அதை எடுத்துப் பேச இந்த மனுசன் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது.

அடுத்த நாள் கடையில், கைப்பைக்குள் கிடந்த பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

இப்படிப்பட்ட மலிவுப் பெட்டிகள் ஒரு விதத்தில் அப்பாவிகள். தொடங்கும்போது மெமரி கார்ட்டில் ஒரு குறிப்பிட்ட பெயரில் மென்பொருள் இருக்கிறதா என்று தேடும். நாங்கள் வேறொரு மென்பொருளை எடுத்து அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டால், தன்னுடைய பிள்ளை என்று நினைத்து அதையே திறந்துவிடும். யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாக விட்ட வழிகாட்டி மென்பொருள் ஒன்று இணையத்தில் இருந்தது. முதல் தடவை திரை கறுப்பாகவே நின்றது. எழுத்து தலைகீழாக வந்தது ஒருமுறை. இன்னொரு முறை, கார் கடலுக்குள் நிற்பதாகச் சொன்னது. நானும் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போனது.

வரைபடமும் அப்படித்தான். முன்பின் தெரியாதவர்கள் நடந்தும் சைக்கிள் ஓடியும் கீறி, எவரும் எடுக்கலாம் என்று வைத்த வரைபடம். மல்வேர்னில் எங்கள் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூங்காவுக்குள் போகிற நடைபாதையைக்கூட யாரோ கீறியிருந்தார். எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசைவீடுகளுக்குப் போகிற ஒழுங்கை மட்டும் விடுபட்டிருந்தது. அதை நானே கீறிச் சேர்த்தேன். உலகத்தில் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று மனம் குமைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்தப் பூங்கா நடைபாதையைக் கீறிய ஆள் யாரென்று தெரியாமலே அவர் மேல் எனக்கு அப்படி ஓர் அன்பு வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். முதலாளி கண்டும் காணாததுபோல் உள்ளே போய்விட்டார்.

பெட்டி வேலை செய்தது. ஆனால் அவருக்கு அது உதவவில்லை. அது இங்கிலீசில் பேசியது.

"அந்த மனுசி என்னவோ சொல்லுறாதான். காதில ஏறுதில்லையே" என்றார். அந்த மாதங்களில் அவருக்கு இங்கிலீஷ் மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. தமிழில் ஏதாவது கேட்டால் மட்டும் தலை திரும்பும்.

மென்பொருளின் குரல் துண்டு துண்டாக இருந்தது. 'இருநூறு மீற்றரில்' என்று ஒரு துண்டு, 'இடப்பக்கம் திரும்பவும்' என்று ஒரு துண்டு. தேவையானபோது அது துண்டுகளைக் கோத்துச் சொல்லும். அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டு என் குரலை வைத்தால் என்ன என்று யோசித்தேன். வீட்டில் ரீவிச் சத்தம் கேட்காத இடம் ஆள் நுழையக்கூடிய உடுப்பு அலுமாரி மட்டும்தான். குளிர்கால ஜக்கெற்றுகளுக்கு நடுவில் ஒரு சின்ன வாங்குப் பலகையைப் போட்டு இருந்துகொண்டு, மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். நேரே போங்கோ. வலப்பக்கம் திரும்புங்கோ. வந்திட்டம்.

அங்கேதான் ஒரு பிழை விட்டேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவருடைய பெயரைச் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் பெண்கள் அப்படித்தான். 'இஞ்சேருங்கோ', அதாவது இங்கே பாருங்கள், என்பதுதான் நான் அவரைக் கூப்பிடும் பெயர். மனுசனைக் கூப்பிடாமல், எடுத்த எடுப்பில் திரும்புங்கோ என்று எப்படிச் சொல்வது? நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. திரும்பச் சொல்கிற துண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் இஞ்சேருங்கோ.

பிழையான வீதியால் போய்விட்டால், திரும்ப வழி கணிக்கிறேன் என்று இங்கிலீஷ் மனுசி விறைப்பாகச் சொல்வாள். வாத்தியார் பிரம்பை எடுக்கிற மாதிரி ஒரு தொனி. அவருக்கு அப்போது அது தேவையில்லை என்று நினைத்தேன். ஜக்கெற்றுகளுக்குள் இருந்து, அந்தத் துண்டுக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்: "இஞ்சேருங்கோ, பரவாயில்லை. அடுத்ததில திரும்பலாம்." கேட்டுப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பெட்டிக்குள் இருந்தவள் என்னைவிட நல்ல பெண்.

ஞாயிறு காலை வெள்ளோட்டம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஷெப்பர்ட்டில் போகும்போது பெட்டி வாயைத் திறந்தது.

"இருநூறு மீற்றரில... இஞ்சேருங்கோ..."

"ஓம், என்னப்பா?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"நானில்லை! பெட்டி!"

"...இடப்பக்கம் திரும்புங்கோ" என்று பெட்டி முடிப்பதற்குள் சந்தி பின்னால் போய்விட்டது.

"இஞ்சேருங்கோ" என்றது பெட்டி மறுபடியும்.

"ஓம், சொல்லும்."

"பரவாயில்லை. அடுத்ததில திரும்பலாம்."

"என்னத்துக்குப் பரவாயில்லை? ஏன் சந்தி கடக்கேக்க சொல்லேல்லை?" என்று அவர் என்னோடு சண்டைக்கு வந்தார். நான் பெட்டியைக் காட்டினேன். அடுத்த சந்தியிலும் அதே கதை. பெட்டி கூப்பிட, அவர் என்னைப் பார்த்து ஓம் போட, சந்தி போய்விட்டது. என்னால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டேன். அவரும் காரை ஒரு கடைத்தொகுதிக்குள் விட்டு நிறுத்திப்போட்டு, ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். தைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சட்டென்று நிறுத்தினார். கை சட்டைப் பொக்கற்றுக்குப் போனது. ஃபோன் அடித்து, சிரிப்பில் கேட்காமல் விட்டேனோ என்று எடுத்துப் பார்த்தார். அடிக்கவில்லை.

அடுத்த நாள் கடையில் இருந்து ஒவ்வோர் இஞ்சேருங்கோவாக வெட்டிக்கொண்டு வந்தேன். என்னைக் கூட்டிப்போக வந்தவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அந்தப் 'பரவாயில்லை' துண்டுக்கு வந்தபோது என் தோளைத் தொட்டார்.

"உந்த ஒண்டை விடும். பிழை விட்ட பிறகுதானே கூப்பிடுது. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு மருந்துகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மருந்துக்கடையில் கூட வேலை செய்த பெடியன்கள், மனுசியைப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு திரிகிறார் என்று பகிடி பண்ணினார்களாம். அவர் அதை வீட்டில் வந்து சொன்னார். வேலையில் நடந்த எதையாவது அவர் சொல்லத் தொடங்கியதே எனக்குப் பெரிய காரியமாகத் தெரிந்தது.

வைகாசி வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி சொன்னது. அந்தக் கிழமையைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியாது. கடையில் ரேடியோவை நிறுத்தி வைத்திருந்தோம். அக்காவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, உயிரோடு வந்தவர்களிலும் இல்லை, மற்றதிலும் இல்லை.

அந்தக் கிழமையில் ஒருநாள் பின்னேரம் அவர் வழக்கம்போல் என்னைக் கூட்டிப்போக வந்தார். கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஷெப்பர்ட்டில் நேரே கிழக்கே ஓடி, நீல்சனில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்குப் பெட்டியே தேவையில்லை. ஆனாலும் அதைப் போட்டு வைத்திருந்தார். நீல்சன் வந்தது. திரும்பச் சொன்னது பெட்டி. அவர் திரும்பவில்லை.

"இஞ்சேருங்கோ, பரவாயில்லை. அடுத்ததில திரும்பலாம்."

யோசனையில் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். மோர்னிங்சைட் வந்தது. பச்சை எரிந்தது. அங்கும் அவர் நேரே போனார்.

"இஞ்சேருங்கோ, பரவாயில்லை. அடுத்ததில திரும்பலாம்."

அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கண் வீதியில்தான் இருந்தது. வெளிச்சங்களைக் கவனித்துத்தான் ஓட்டினார். அந்த மனுசன் வழி தவறவில்லை. ஒவ்வொரு சந்தியையும் தெரிந்துகொண்டே விட்டுக்கொண்டு போனார். வீடுகள் குறைந்து மரங்கள் வந்தன. மிருகக்காட்சிசாலைப் பக்கம் வந்துவிட்டோம். பெட்டி திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு வந்தது, அலுக்காமல், அதே மெதுவான குரலில்.

கை நீட்டிப் பெட்டியை நிறுத்தினேன்.

"இஞ்சேருங்கோ" என்றேன்.

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். நான் மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. என்ன பரவாயில்லை? அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். கியர்த் தடி இடுப்பில் குத்த, நான் அவரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆடியில் ஒருநாள் நான் ஒரு மடிக்கணினியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தபோது கடை ஃபோன் அடித்தது. அவர்தான். ஏஜக்ஸில், புதுவீடுகளுக்கு நடுவில் ஒரு தெருவில் நிற்கிறாராம்.

"எடுத்திட்டா" என்றார். "அக்கா எடுத்திட்டா."

அகதி முகாமில் யாரிடமோ ஃபோனை வாங்கி எடுத்திருந்தார். கொஞ்ச நேரம்தான் பேசக் கிடைத்தது. அத்தான் இல்லை என்று சொன்னார். அதற்குப் பிறகு ஃபோன்காரர் திரும்பக் கேட்டுவிட்டார். "பிறகு எடுக்கிறன்" என்று சொல்லித்தான் வைத்தாராம்.

அக்காவை இங்கே கூப்பிட எங்களுக்கு வருடங்கள் எடுத்தன. விசா மறுத்தார்கள், திரும்பப் போட்டோம். அதற்குள் மகள் பிறந்தாள். எல்லோர் கையிலும் வழி சொல்கிற ஃபோன் வந்துவிட்டது. நான் மட்டும் வருடா வருடம் புது வரைபடத்தை இறக்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை மெமரி கார்ட் செத்துப்போனது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். குரல் துண்டுகள் கடைக் கொம்பியூட்டரில் பத்திரமாக இருந்தன. வேறு குரல் பதிவோமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு மத்தியானம் விமான நிலையத்திலிருந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுவேன். ஃபோனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்து வைத்திருந்த உருவத்தைவிட ஆள் பாதிதான் இருந்தார். பின்சீட்டில், தன் இருக்கையில் தூங்கிய மகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மடியில் வைத்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மிசிசாகாவைத் தாண்டி, பெரிய வீதியில் கிழக்கே நெடுகவும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மார்க்கம் வீதியைக் கடக்கும்போதுதான் பேசத் தொடங்கினார்.

"தம்பி, அண்டைக்கு இடம் மாறிப் போகேக்க ஒரு சந்தி வந்தது. அத்தான் காட்டுப் பக்கத்தால போவம் எண்டு சொன்னவர். நான்தான் கடற்கரைப் பக்கம் எண்டு நிண்டனான். சனமெல்லாம் அங்கதானே போகுது எண்டு சொல்லி. அவர் என்ரை சொல்லைக் கேட்டு வந்தவர்."

மச்சாளுக்குக் குரல் உடையவில்லை. அத்தனை வருடமும் தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை என்று தெரிந்தது.

என் கணவர் பின்பார்க்கும் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். நீல்சனுக்கு இறங்குகிற எக்ஸிற் பக்கத்தால் போய்விட்டது. அன்று அவர் உண்மையாகவே கவனிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, பரவாயில்லை. அடுத்ததில திரும்பலாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். மச்சாள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது உம்மடை குரல் எல்லே?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் மச்சாள். முந்திப் பதிஞ்சது."

"ஆருக்குச் சொல்லுது?"

"ரோட்டை விட்டிட்டு ஓடுற ஆருக்கும் சொல்லும் அக்கா" என்றார் அவர்.

மச்சாள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, முன்சீட்டைக் கையால் பிடித்து முன்னால் சாய்ந்தார்.

"தம்பி, உது இன்னொருக்காச் சொல்லுமோ?"

"அடுத்ததையும் விட்டால் சொல்லும்."

"அப்ப விடடா."

மோர்னிங்சைட் எக்ஸிற் வந்தது. அவர் அதை விட்டு நேரே ஓட்டினார். நாங்கள் மூன்று பேரும் பெட்டி வாயைத் திறக்கும்வரை காத்துக்கொண்டு இருந்தோம்.